பேரிங் வண்டியும் கோவளத்துப் பலகையும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் வாசகர் பகுதியில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் எழுதிய கடிதத்தைப் படித்தேன். கிருஷ்ணகிரி சர்வீஸ் ரோட்டில் பையன்கள் சக்கரம் வைத்த பலகையில் ஏறி ஓட்டுகிறார்கள், வண்டிக்காரர்களுக்கு இடைஞ்சல், பலகையைப் பிடுங்கி வைக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். சர்வீஸ் ரோடு விஷயத்தில் நான் அவர் கட்சி. பெங்களூரு லாரி, சென்னை லாரி, சேலம் லாரி எல்லாம் கலந்து திரும்பும் ஊர் இது. அங்கே சைக்கிளில் போகவே எனக்குக் கை உதறும். ஆனால் கடைசியில் ஒரு போடு போட்டிருந்தார் பாருங்கள், கடற்கரை ஊர்களில் வெள்ளைக்காரன் விட்டுப்போன கலாசாரம் மலையடிவாரத்து ஊருக்கு எதற்கு என்று, அதுதான் உறுத்திக்கொண்டே இருக்கிறது. நான் அப்படிப்பட்ட கடற்கரை ஊரில் 11 வருஷம் இருந்தவன். அந்தப் பலகைகளைத் தடவித் தடவி என் கைரேகை பாதி தேய்ந்திருக்கிறது.

பிறந்தது பழையபேட்டை. அப்போது இது தர்மபுரி மாவட்டம். 2004-இல்தான் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. அப்பா லாரிப் பட்டறையில் ஃபிட்டர். 1983, 84 வாக்கில் பட்டறையில் கழற்றிப்போட்ட பேரிங்தான் எங்கள் தெருப் பையன்களுக்கு விளையாட்டுச் சாமான். பழைய பேரிங்கை ஒரு ராத்திரி மண்ணெண்ணெயில் ஊறப்போட வேண்டும். காலையில் குச்சியால் கிரீஸைச் சுரண்டி, துணியில் துடைத்து, காதோரம் வைத்துச் சுற்றிப் பார்க்க வேண்டும். சத்தம் சீராகக் 'கிர்ர்' என்று போனால் நல்ல பேரிங். நடுவில் 'கடக்' என்றால் குண்டு அடிபட்டிருக்கிறது, தூக்கிப் போடு. வேலிக் கட்டையைச் சீவி பேரிங் துளைக்குள் இறுக்கி அடித்தால் அச்சு. மாம்பழப் பெட்டிப் பலகையை இரண்டடுக்காக ஆணியடித்தால் உட்காரும் இடம். பின்னால் இரண்டு பேரிங், முன்னால் ஒன்று. முன்கட்டையை நடுவில் ஒரே போல்ட்டில் மாட்டி, காலால் இப்படியும் அப்படியும் தள்ளித் திருப்புவோம். பிரேக் என்றால் கால் செருப்பு, இல்லாவிட்டால் முழங்கால்.

கோட்டை மலையடிவாரத்திலிருந்து இறங்கும் சரிவில் மத்தியானம் இரண்டு மணிக்கு இரும்புச் சக்கரம் தார் ரோட்டில் உரசுகிற சத்தத்தில் தெருவில் ஒருவர் கண்மூட முடியாது. 'எவன்டா அது' என்று கேட்காத திண்ணையே இல்லை. ஒருநாள் நின்றிருந்த மாட்டுவண்டிக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் வந்தேன், மோவாயில் மூன்று தையலோடு. கடிதம் எழுதிய ஐயா என் வயசுக்காரராக இருந்தால் அவரும் ஒரு தடவையாவது அதில் உட்கார்ந்திருப்பார். மறந்திருக்கலாம்.

சரி, கடலுக்கு வருகிறேன். எங்கள் தென்பெண்ணை ஓசூர் வழியாக வந்து, கே.ஆர்.பி. அணையில் தேங்கி, காவேரிப்பட்டணம் தாண்டி, கடைசியில் கடலூர் பக்கம் கடலில் சேருகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்ததோடு சரி எனக்கும் கடலுக்கும் உறவு. ஓசூரில் ஃபைபர் மோல்டிங் வேலை கற்றுக்கொண்டு தொட்டியும் கதவும் அடித்துக்கொண்டிருந்தேன். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கரை முழுக்கக் கட்டுமரம் போய் ஃபைபர் படகு வர ஆரம்பித்தது. உதவிப் பணம் வந்து கொட்டியது, படகு கட்ட ஆள்தான் போதவில்லை. சென்னையில் இருந்த மச்சான், "தொட்டி அடிக்கிற கைதானே, படகும் பெரிய தொட்டிதான், கிளம்பி வாங்க" என்றார். 2005 ஏப்ரலில் கோவளத்தில் போய் இறங்கினேன். சென்னைக்குத் தெற்கே 40 கிலோமீட்டர். தர்கா ஒரு பக்கம், மாதா கோயில் ஒரு பக்கம், நடுவில் குப்பம். ஓலைக் கொட்டகையில் பட்டறை.

அங்கே போன முதல் வாரமே பார்த்தேன். படகு வேலைக்கு வாங்கி வைத்த ஒட்டுப்பலகையில் ஒரு துண்டைக் காணோம். தேடிப் போனால், கடலுக்குள் ஒரு பொடியன் அதன்மேல் குப்புறப் படுத்து அலையோடு வழுக்கிக்கொண்டு வருகிறான். இன்னொருத்தன் உடைந்த கட்டுமரத்தின் ஒற்றைக் கட்டையில். மூன்றாமவன் கையில் சுனாமியில் கழன்ற ஜன்னல் கதவு, கொண்டி இன்னும் அதில் ஆடுகிறது. வெள்ளைக்காரன் யாரும் அந்தப் பக்கம் நிற்கவில்லை. ஒரு தாத்தாவிடம் கேட்டேன். "நாங்களும் சின்னதுல இப்படித்தான். கட்டுமரத்த அலையில ஏத்தி எறக்கத் தெரியாதவன் கரையேற முடியாதே" என்றார். சத்தியமான பேச்சு. மீன்பாடு முடித்து வரும் கட்டுமரம் அலையின் முதுகில் ஏறித்தான் கரைக்கு வரும். அதை ஒரு முறை பார்த்தவர்கள் சர்ஃபிங் எங்கிருந்தோ வந்த சங்கதி என்று சொல்லமாட்டார்கள்.

உண்மையான போர்டு வைத்திருந்தவர்கள் அப்போது கோவளத்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். வெளிநாட்டுக்காரர்கள் சிலர் வருவார்கள், ஒரு வாரம் இருப்பார்கள், போகும்போது அடிபட்ட போர்டை விட்டுப் போவார்கள். அதுதான் ஊர்ச் சொத்து. ஒரு போர்டுக்கு எட்டு பையன்கள், ஆளுக்கு மூன்று அலை. விழுந்தாலும் கணக்கு, எழுந்தாலும் கணக்கு. மேலே கால் வழுக்காமல் இருக்கத் தேய்க்கிற மெழுகு வாங்கக் காசில்லை, மாதா கோயில் பக்கத்துக் கடையில் மெழுகுவத்தி வாங்கித் தேய்ப்பார்கள். அது வெயிலில் உருகி வயிற்று மயிரைப் பிடுங்கும். காலில் கட்டும் கயிறு அறுந்தால் வலைக் கயிறு. பத்திரிகைகளில் 'அலைச்சறுக்கு' என்று எழுதுகிறீர்கள், அழகாகத்தான் இருக்கிறது. குப்பத்தில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. போர்டு, அவ்வளவுதான்.

விடிகாலை ஐந்தரை மணிக்குக் கரையிலிருந்து கடலுக்கு மேலக்காத்து அடிக்கும். அந்த நேரத்தில் அலை சட்டென்று கவிழாது, நிமிர்ந்து நிற்கும். கோவளத்தில் கரை ஓரிடத்தில் கடலுக்குள் மூக்கு நீட்டியிருப்பதால் அலை ஒரு ஓரத்தில் உடைய ஆரம்பித்து, துணியைக் கிழித்தாற்போல இந்த ஓரம்வரை வரிசையாக உடைந்துகொண்டே வரும். அந்தக் கிழிசலுக்கு ஒரு முழம் முன்னால் பையன் போய்க்கொண்டிருப்பான். ஒன்பது மணிக்குக் கடல்காற்று திரும்பினால் எல்லாம் கலைந்துவிடும், இவர்களும் வலை பிரிக்கப் போய்விடுவார்கள். அந்த மூன்றரை மணி நேரத்தைப் பார்த்துக்கொண்டே டீ குடிப்பேன். எனக்கு நீச்சல் வராது. இன்றைக்கும் வராது.

போர்டு ஒட்டும் வேலை எனக்கு வந்தது தற்செயல். பாறையில் இடித்து மூக்கு பிளந்த போர்டு ஒன்றைப் பையன்கள் தூக்கி வந்தார்கள். பார்த்தால் உள்ளே நுரை, வெளியே ஃபைபர் மேட் என்ற கண்ணாடி இழைப் பாய், ரெசின் என்ற பிசின். நம்ம தொழில்! உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேட் துண்டு வைத்து, ரெசினில் ஹார்டனர் கலந்து பூசி, மறுநாள் கொடுத்துவிட்டேன். பையன் ஒருத்தன் கடலுக்குப் போய் வந்து, சொட்டுத் தண்ணீர் உள்ளே போகவில்லை அண்ணே என்றான். அன்றைக்கு ஏறிய தலைக்கனம் ஒரு மாசம் நின்றது.

இறங்கியது இப்படி. வெளிநாட்டு இளைஞர் ஒருவர் புத்தம் புதுப் போர்டில் ஒரு விரலளவு ஓட்டை என்று கொண்டுவந்தார். படகுக்கு ஊற்றும் அதே ரெசினைக் கலந்து ஓட்டையில் விட்டேன். மெல்லச் 'சொய்ய்' என்று ஒரு சத்தம். ரெசின் உள்ளே இறங்குகிறது. இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். அதுவும் இறங்குகிறது. என்னடா இது, கிணறா என்று விரலை விட்டுப் பார்த்தால், உள்ளே வெல்லப்பாகு மாதிரிக் கொழகொழவென்று உருகி ஒரு சொம்பு வைக்கும் அளவுக்குக் குழி. மேல்தோல் மட்டும் அப்பளம் போல நிற்கிறது. அந்தப் போர்டின் உள்நுரை தெர்மாகோல் ஜாதி. படகு ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் அதைக் கரைத்துவிடும், அதற்கு எபாக்சி என்ற வேறு ரெசின்தான் பூச வேண்டும். பழைய போர்டுகள் எல்லாம் பாலியூரித்தேன் நுரை, அதற்கு நம் ரெசின் ஒத்துக்கொண்டது. அன்றைக்குத்தான் தெரிந்தது இரண்டும் வேறு என்று. அந்த இளைஞர் குழியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அப்புறம் சிரித்தார். கூலியும் கொடுக்க வந்தார், நான் வாங்கவில்லை. அதிலிருந்து எந்தப் போர்டு வந்தாலும் ஓட்டைக்குள்ளிருந்து ஒரு துளி நுரையைக் கிள்ளி அசிட்டோனில் போட்டுப் பார்ப்பேன். கரைந்தால் எபாக்சி.

2009 கடைசியில் ஒரு பெரியவர் வந்தார். அமெரிக்காவில் கலிபோர்னியா, சாண்டா மோனிகா பக்கம் வளர்ந்தவராம். எழுபது வயசுக்குக் கிட்ட. அவர் கொண்டுவந்தது கடல் போர்டு இல்லை, சக்கரப் பலகை. பேரிங் இறுகிவிட்டது, மாற்று கிடைக்குமா என்று பையன்களைத் துபாஷியாக வைத்துக் கேட்டார். சக்கரத்திலிருந்து பேரிங்கைத் தள்ளிக் கையில் எடுத்தேன். 608. உள்துளை 8 மில்லி, வெளிவட்டம் 22, கனம் 7. சின்ன மோட்டாருக்குப் போடுவோமே, அதே சாமான். சென்னைக்குப் போன பையனிடம் சொல்லிவிட்டு எட்டு வாங்கிவரச் செய்தேன். சக்கரத்துக்கு இரண்டு, நாலு சக்கரத்துக்கு எட்டு. பழையதைத் தூக்கிப்போட மனமில்லாமல் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, காதோரம் வைத்துச் சுற்றினேன். பெரியவர் அதைப் பார்த்துவிட்டு இன்னொன்றை எடுத்துத் தன் காதோரம் வைத்துச் சுற்றினார். அதற்குத் துபாஷி தேவைப்படவில்லை.

அன்று சாயங்காலம் அவர் சொன்னதெல்லாம் எனக்கு அப்படியே பழையபேட்டைக் கதை. 1950களில் அந்த ஊரில் அலை இல்லாத நாளில் சும்மா இருக்க முடியாத பையன்கள், காலில் கட்டும் ஸ்கேட்டின் சக்கரத்தைப் பிய்த்துப் பலகைக்கு அடியில் அடித்து நடைபாதையில் ஓட்டினார்களாம். முதலில் இரும்புச் சக்கரம். அதன் பிறகு களிமண் சேர்த்த சக்கரம், ஒரு பொடிக்கல் குறுக்கே வந்தால் பலகை நின்றுவிடும், ஆள் மட்டும் போய்க்கொண்டிருப்பான். பேரிங்கும் மூடியில்லாத பேரிங், ஓடுகிற ஓட்டத்தில் குண்டு கொட்டிப்போகும். 1970களின் தொடக்கத்தில் ஃபிராங்க் நாஸ்வொர்த்தி என்பவர் யூரித்தேன் என்ற ரப்பர் மாதிரிப் பிளாஸ்டிக் சக்கரத்தை இதில் கொண்டுவந்து மாட்டிய பிறகுதான் பலகை ரோட்டைப் பிடித்து ஓடியதாம். 1976, 77-இல் அங்கே கடும் வறட்சி. வீட்டு நீச்சல்குளங்கள் வற்றிக் காய்ந்து கிடக்க, பையன்கள் வேலி தாண்டிக் குதித்து, குளத்தின் வளைந்த சுவரை அலையாக நினைத்து ஏறி இறங்கியிருக்கிறார்கள். வீட்டுக்காரர் வந்தால் ஓட்டம், போலீஸ் வந்தால் இன்னும் வேக ஓட்டம். எங்கள் ஊரில் ஏரி வற்றினால் ஸ்டம்பு நட்டுவிடுவோம் என்றேன். வறட்சியைத் தர்மபுரிக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கடிதம் எழுதிய ஐயாவுக்காக இன்னொன்றும் சொல்கிறேன், இதுவும் அந்தப் பெரியவர் சொன்னதுதான். அலையில் நின்று வருவது அமெரிக்கக்காரன் கண்டுபிடிப்பே இல்லை. ஹவாய்த் தீவுக்காரர்கள் காலங்காலமாக ஆடியது. வெள்ளைக்காரப் பாதிரிமார்கள் போய் அதை ஆகாத காரியம் என்றார்கள். அப்புறம் அதே ஹவாயிலிருந்து ஜார்ஜ் ஃப்ரீத் என்பவரை 1907-இல் கலிபோர்னியாவுக்கு வரவழைத்து, ரயில் கம்பெனிக்காரர் தன் கடற்கரைக்குக் கூட்டம் சேர்க்க அலையில் நிற்கவைத்துக் காட்டினார். ஆகாது என்றவர்களின் பேரப்பிள்ளைகள் டிக்கெட் எடுத்துப் போய்ப் பார்த்தார்கள்.

பெரியவர் போகும்போது பலகையைப் பையன்களுக்கே கொடுத்துவிட்டார். கோவளத்தில் ஓட்ட வழுவழுப்பான தரை ஏது? எல்லாம் மணல். மீன் ஏலம் விடும் சிமெண்டுத் தரை ஒன்றுதான் இருந்தது. காலை ஏலம் முடிந்து, பெண்கள் தண்ணீர் ஊற்றிக் கழுவி, வெயிலில் காய்ந்த பிறகு பத்து மணிக்கு மேல் அதுதான் அரங்கம். செதில் ஒட்டியிருந்தால் சக்கரம் வழுக்கும். விழுந்து எழுந்தால் சட்டையில் காரப்பொடி நாற்றம். "என் கூடைமேல விழுந்தா காலை ஒடிச்சுடுவேன்" என்று கத்திய பெரியம்மாவே, பையன் ஒருத்தன் சுற்றித் திரும்பிக் காட்டியதும் "இன்னொரு வாட்டி பண்ணுடா" என்றார்.

எல்லாம் தேன் என்று நான் எழுதினால் பொய். பள்ளிக்கூடத்தை விட்ட பையன்கள் உண்டு. ஊர் சுற்றிகளோடு சேர்ந்து பீர் பழகியவர்களும் உண்டு. வலை விரித்த இடத்தில் போர்டு போய் வலை கிழிந்து பஞ்சாயத்து நடந்திருக்கிறது, அந்த வலைக்காரர் கோபத்தில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. 2012-இல் மூர்த்தி மேகவன் என்ற கோவளத்து மீனவர் சர்ஃபிங் பள்ளி தொடங்கியபோது குடியும் புகையும் கூடாது என்று சொல்லித்தான் தொடங்கினார். காரணம் இல்லாமல் சொல்லவில்லை. அடுத்த வருஷமே அங்கே அலைத் திருவிழா நடந்தது, பாட்டு, கூட்டம், கார். கரையோரக் காலி மனையெல்லாம் விலை ஏறியது. போர்டுக்கு மணிக்கணக்கில் வாடகை வந்தது. எட்டுப் பேருக்கு ஒரு போர்டு என்ற காலம் அத்தோடு முடிந்தது. நல்லதுதான். பையன்கள் பயிற்சியாளர்களாகிச் சம்பளம் வாங்கினார்கள், தண்ணீரில் தத்தளித்தவர்களைத் தூக்கிக் கரை சேர்த்தார்கள். ஆனால் ஆளுக்கு மூன்று அலை என்று சண்டை போட்டுக்கொண்டு வரிசையில் நின்ற அந்தக் காலை நேரம் எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. கிழவன் புலம்பல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாமல்லபுரத்தில் கதை இன்னும் மேலே போனது. கமலி மூர்த்தி என்ற சின்னப் பெண் வெறுங்காலோடு, கவுனோடு சக்கரப் பலகையில் சரிவில் இறங்கும் படத்தை டோனி ஹாக்கே பகிர்ந்தார். ஹாக் யார் என்று தெரியாதவர்களுக்கு: பலகையோடு அந்தரத்தில் இரண்டரைச் சுற்று சுற்றி 1999-இல் இறங்கியவர். அந்தப் பெண் இப்போது கடல் போர்டிலும் போட்டிகளில் ஜெயிக்கிறார். டோக்கியோ ஒலிம்பிக்கில் இரண்டு ஆட்டத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். 2025 ஆகஸ்டில் ஆசிய சர்ஃபிங் போட்டியே மாமல்லபுரத்தில் நடந்து, ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார், தனிப்பிரிவில் இந்தியாவுக்கு அதுதான் முதல் பதக்கம். டீக்கடையில் பேப்பரை விரித்து அவர் படத்தைப் பார்த்தபோது, இதே கரையில் ஜன்னல் கதவோடு நின்ற பொடியன்தான் என் கண்ணுக்கு வந்தான். அவனுக்கு இப்போது முப்பது வயசு இருக்கும், சொந்தப் படகு வைத்திருக்கிறான்.

2016-இல் அம்மாவுக்கு முடியாமல் போய் நான் ஊர் திரும்பினேன். மறுபடி தொட்டி, கதவு, கோழிப்பண்ணைக்குக் கூரைத் தகடு. இரண்டு மாசத்துக்கு முன் பட்டறை வாசலில் இரண்டு பையன்கள். ஒருவன் கையில் சக்கரப் பலகை, ஒரு சக்கரம் சுற்றவில்லை. பூங்காவில் ஓட்டினோம், விரட்டிவிட்டார்கள், பஸ் ஸ்டாண்டு பக்கம் போனோம், அங்கேயும் விரட்டிவிட்டார்கள், அதனால்தான் சர்வீஸ் ரோடு என்றான். பலகையைத் திருப்பிப் பார்த்தேன். 608. மண்ணெண்ணெய் டப்பாவை எடுத்தேன்.

இப்போது ஐயாவுக்கும், உங்கள் பத்திரிகை மூலமாகக் கேட்க வேண்டியவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். கல்லை அறுத்து, கண்ணாடியாகப் பாலிஷ் போட்டு, கப்பலேற்றி உலகத்துக்கே அனுப்புகிற மாவட்டம் இது. இங்கே பிள்ளைகள் விழுந்து எழ, ஐம்பதுக்கு முப்பது அடியில் ஒரு வழுவழுப்பான தரை இல்லை. பெரிய அரங்கம், கூரை, திறப்புவிழாக் கல்வெட்டு எதுவும் வேண்டாம். ரோட்டை விட்டுத் தள்ளி, எங்காவது ஒரு மூலையில் நல்ல மேஸ்திரியை வைத்து சிமெண்டுத் தரை ஒன்று போட்டு, ஓரத்தில் மூன்றடிக்கு ஒரு வளைந்த சுவர் எழுப்பினால் போதும். அந்த வளைவுக்கு ஃபைபர் மோல்டு நானே அடித்துத் தருகிறேன், கூலி வேண்டாம். தரையை இழைக்கும்போது மட்டும் அவசரப்படக்கூடாது. மேஸ்திரி மத்தியானம் சாப்பாட்டுக்குப் போய்விட்டால் மேடும் பள்ளமுமாக இறுகிவிடும், அப்புறம் அது பலகைக்கும் ஆகாது, புளி காயவைக்கத்தான் ஆகும்.

அதுவரைக்கும் ஞாயிற்றுக்கிழமை பட்டறை விடுமுறை. முன்வாசல் தரை காலி. காலை ஏழிலிருந்து பத்துவரை பையன்களை அங்கே ஓட்டச் சொல்லியிருக்கிறேன், இப்போது நாலு பேர் வருகிறார்கள், ஒரு பெண்ணும் உண்டு. பலகை இரண்டுதான், ஆளுக்கு மூன்று சுற்று. கடிதம் எழுதிய ஐயா ஒருநாள் வந்தால் டீ என் கணக்கு. ஃபைபர் தூசி எப்படிக் கூட்டினாலும் கிடக்கும், அரிக்கும். முழுக்கைச் சட்டை போட்டு வரவும்.

இப்படிக்கு,
ஃபைபர் பட்டறைக்காரன்,
பழையபேட்டை, கிருஷ்ணகிரி.